ரயிலுக்குள் ஒரு காந்தம், பூமிக்குள் ஒரு காந்தம்



ஹைதராபாத்தின் வடகிழக்கில் மல்காஜ்கிரி என்று ஒரு ரயில் சந்திப்பு இருக்கிறது. செகந்திராபாத், காச்சிகுடா, மேட்சல், மௌலாலி என்று நாலா பக்கமும் தண்டவாளங்கள் பிரியும் இடம். எந்நேரமும் ரயில்கள் வந்துபோய்க்கொண்டிருக்கும். அங்கே ஒரு எக்ஸ்பிரஸ் ரயில் புறப்படுவதைக் கவனித்துப் பாருங்கள். புகை வராது. நிலக்கரி கிடையாது, டீசல் கிடையாது. இன்ஜினிலிருந்து மெல்லிய முனகல் ஒன்று கேட்கும். இருபதுக்கும் மேற்பட்ட பெட்டிகளும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பயணிகளும் அப்படியே நகர்ந்துவிடுவார்கள்.

இழுப்பது யார்? "மின்சாரம்" என்று சட்டென்று சொல்லிவிடுவீர்கள். அது பாதி பதில். இன்ஜினின் தலைக்கு மேலே ஓடும் கம்பியில் 25,000 வோல்ட் மின்சாரம் இருக்கிறது. நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட்தான். ஆனால் மின்சாரத்துக்குக் கையும் இல்லை, காலும் இல்லை. கம்பிக்குள் ஓடுகிற ஒன்று, கம்பிக்கு வெளியே இருக்கும் சக்கரத்தை எப்படிச் சுழற்றும்?

மீதிப் பாதி பதில், காந்தம். மின்சாரம் காந்தமாகிறது, காந்தம் சக்கரத்தைச் சுழற்றுகிறது. இது எப்படி என்று புரிந்துகொண்டால், இன்னொரு பெரிய புதிருக்கும் விடை கிடைத்துவிடும். நம் காலடியில், ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் ஆழத்தில் இருக்கும் புதிர் அது.

இரும்புக்குள் என்ன நடக்கிறது?

முதலில் சாதாரணக் காந்தத்தைப் பார்ப்போம். இயற்கையிலேயே காந்தக் கல் உண்டு. மேக்னடைட் என்பது இரும்பும் ஆக்சிஜனும் சேர்ந்த கருநிறத் தாது. சேலத்துக்குப் பக்கத்தில் இருக்கும் கஞ்சமலையில் இந்தத் தாது நிறைய இருக்கிறது. அதைத் தூளாக்கி, அருகில் ஒரு காந்தத்தைக் கொண்டுபோனால் தூள் வந்து ஒட்டிக்கொள்ளும்.

மரமும் பிளாஸ்டிக்கும் காந்தத்தில் ஒட்டுவதில்லை. இரும்பு மட்டும் ஏன் ஒட்டுகிறது? ஒவ்வோர் அணுவுக்குள்ளும் எலெக்ட்ரான்கள் இருக்கின்றன. ஒவ்வோர் எலெக்ட்ரானும் தன்னளவில் ஒரு குட்டிக் காந்தம். பெரும்பாலான பொருள்களில் இவை இரண்டிரண்டாகச் சேர்ந்து, ஒன்றின் வலுவை மற்றொன்று அழித்துவிடும். இரும்பு அணுவில் சில எலெக்ட்ரான்கள் அப்படி அழியாமல் மிஞ்சி நிற்கின்றன. அதனால் ஒவ்வோர் இரும்பு அணுவும் ஒரு காந்தமாகிறது. பக்கத்துப் பக்கத்து அணுக்கள் கோடிக்கணக்கில் சேர்ந்து, ஒரே திசை பார்க்கும் கூட்டங்களாக நிற்கின்றன. இந்தக் கூட்டத்துக்குக் காந்தப் பகுதி என்று பெயர்.

அப்படியானால் எல்லா ஆணியும் காந்தமாகத்தானே இருக்க வேண்டும்? ஏன் இல்லை? ரயில் வருவதற்கு முன் பிளாட்பாரத்தைப் பாருங்கள். ஒரு குடும்பம் இந்தப் பக்கம், ஒரு குடும்பம் அந்தப் பக்கம் என்று ஆளுக்கொரு திசை பார்த்துக்கொண்டிருக்கும். ரயில் வருவதாக அறிவிப்பு ஒலித்ததும் எல்லாத் தலைகளும் ஒரே பக்கம் திரும்பும். சாதாரண ஆணியில் காந்தப் பகுதிகள் ஆளுக்கொரு திசை பார்க்கின்றன. வெளியிலிருந்து ஒரு காந்தத்தைக் கொண்டுவந்தால் எல்லாம் ஒரே பக்கம் திரும்பும். உடனே ஆணியும் காந்தமாகிவிடும்.

காந்தத்தைச் சுத்தியலால் ஓங்கி அடித்தால் இந்த ஒழுங்கு கலையும். சூடாக்கினாலும் கலையும். இரும்பை 770 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கிவிட்டால், அது நிரந்தரக் காந்தமாக இருக்கவே முடியாது. இந்த 770 என்ற எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

ஊசி திரும்பிய நாள்

1820ஆம் ஆண்டு வரை மின்சாரம் வேறு, காந்தம் வேறு என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். அந்த ஆண்டு ஏப்ரலில், டென்மார்க்கின் கோபன்ஹேகன் நகரில் ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆர்ஸ்டெட் என்ற பேராசிரியர் மாணவர்களுக்கு ஒரு சோதனை காட்டினார். கம்பி ஒன்றில் மின்னோட்டத்தைச் செலுத்தினார். பக்கத்தில் இருந்த திசைகாட்டியின் ஊசி அசைந்தது. மின்னோட்டத்தை நிறுத்தினார். ஊசி பழைய இடத்துக்கே திரும்பியது.

கம்பி செம்பாலோ பிளாட்டினத்தாலோ ஆனது என்பது இங்கே முக்கியமல்ல. அவை காந்தத்தில் ஒட்டாத உலோகங்கள். காந்தம் வந்தது உலோகத்திலிருந்து அல்ல, அதற்குள் ஓடிய மின்னோட்டத்திலிருந்து. மின்னோட்டம் ஓடும் எந்தக் கம்பியைச் சுற்றியும் காந்தப்புலம் ஒன்று வளையம் வளையமாக உண்டாகிறது. காந்தத்தின் விசை எட்டும் இடத்தைத்தான் காந்தப்புலம் என்கிறோம்.

கம்பியைச் சுருளாகச் சுற்றினால் இந்த வளையங்கள் ஒன்றோடொன்று கூடி வலுப்பெறும். சுருளுக்கு நடுவே இரும்பை வைத்தால், இரும்பின் காந்தப் பகுதிகளும் சேர்ந்துகொண்டு வலுவைப் பல மடங்காக்கும். இதுதான் மின்காந்தம். 1825இல் இங்கிலாந்தின் வில்லியம் ஸ்டர்ஜன் இப்படி ஒரு மின்காந்தம் செய்தார். சுமார் 200 கிராம் எடையுள்ள குதிரைலாட வடிவ இரும்பு, 4 கிலோவைத் தூக்கியது. மின்னோட்டத்தை நிறுத்தியதும் கீழே போட்டுவிட்டது.

நீங்களே செய்து பாருங்கள்

விரல் நீள இரும்பு ஆணி ஒன்று, 1.5 வோல்ட் பேட்டரி செல் ஒன்று, கொஞ்சம் குண்டூசிகள், இரண்டு மீட்டர் மெல்லிய எனாமல் செம்புக் கம்பி, ஒரு துண்டு உப்புத்தாள், ஒரு திசைகாட்டி. இவ்வளவுதான் வேண்டும். மோட்டார் ரீவைண்டிங் கடையில் கேட்டால் துண்டுக் கம்பி கிடைக்கும்.

கம்பியின் இரு முனைகளையும் உப்புத்தாளால் நன்றாகத் தேயுங்கள். மேலே பூசியிருக்கும் எனாமல் போய்ச் செம்பு பளபளக்க வேண்டும். எனாமல் இருந்தால் மின்சாரம் பாயாது. பலரும் இங்கேதான் கோட்டை விடுவார்கள். இப்போது ஆணியின் மேல் ஒரே திசையில், நெருக்கமாக 30 சுற்றுச் சுற்றுங்கள். முனைகளைப் பேட்டரியின் இரு பக்கமும் தொடுங்கள். ஆணியைக் குண்டூசிகளுக்கு அருகில் கொண்டுபோங்கள். எத்தனை ஒட்டுகிறது என்று எண்ணுங்கள். கம்பியை எடுத்ததும் ஊசிகள் உதிரும். ஒன்றிரண்டு ஒட்டிக்கொண்டே இருந்தால், உங்கள் ஆணியின் காந்தப் பகுதிகள் சில திரும்பிய திசையிலேயே நின்றுவிட்டன என்று பொருள்.

அடுத்து 60 சுற்றாக்குங்கள். ஊசிகள் கூடுகின்றனவா? பிறகு ஆணியை எடுத்துவிட்டு ஒரு பென்சிலின் மேல் அதே கம்பியைச் சுற்றிப் பாருங்கள். இரும்பு செய்யும் உதவி எவ்வளவு என்பது புரியும். கடைசியாகக் கம்பியை மறுபடி ஆணியில் சுற்றி, பேட்டரியைத் திருப்பிப் பிடியுங்கள். திசைகாட்டியை அருகில் வைத்தால், ஆணியின் வடதுருவம் தென்துருவமாக மாறியிருப்பது தெரியும். இதை மறக்காதீர்கள்: மின்னோட்டத்தின் திசையை மாற்றினால் காந்தத்தின் துருவம் மாறும்.

எச்சரிக்கை: பத்து நொடிக்கு மேல் தொடர்ந்து இணைக்க வேண்டாம், கம்பியும் பேட்டரியும் சூடாகிவிடும். சுவரில் இருக்கும் பிளக்கில் இந்தக் கம்பியை ஒருபோதும் செருகக் கூடாது. அது உயிருக்கே ஆபத்து.

பாரடே கேட்ட எதிர்க்கேள்வி

மின்சாரத்திலிருந்து காந்தம் வரும் என்றால், காந்தத்திலிருந்து மின்சாரம் வருமா? லண்டனில் மைக்கேல் பாரடே பல ஆண்டுகள் இந்தக் கேள்வியோடு போராடினார். 1831 ஆகஸ்ட் 29 அன்று ஓர் இரும்பு வளையத்தின் இரு பக்கமும் தனித்தனிச் சுருள்கள் சுற்றினார். ஒரு சுருளில் பேட்டரியை இணைத்த அந்தக் கணத்தில், மறு சுருளோடு இணைந்த ஊசி ஒரு துள்ளுத் துள்ளியது. பிறகு அசையாமல் நின்றுவிட்டது. பேட்டரியைப் பிரித்தபோது மறுபடி துள்ளியது, இந்த முறை எதிர்ப்பக்கம்.

காந்தம் சும்மா இருந்தால் மின்சாரம் வருவதில்லை. காந்தப்புலம் மாறும்போது மட்டுமே வருகிறது. இதற்கு மின்காந்தத் தூண்டல் என்று பெயர். அனல் மின்நிலையம், நீர்மின் நிலையம், காற்றாலை எல்லாவற்றிலும் மின்சாரம் பிறப்பது இந்த விதிப்படிதான்.

இன்ஜினுக்குள் போவோம்

இப்போது மல்காஜ்கிரிக்குத் திரும்புவோம். பக்கத்திலேயே லாலாகுடாவில் மின்சார இன்ஜின்களைப் பராமரிக்கும் பணிமனை இருக்கிறது. டபிள்யூ.ஏ.பி.-7 என்ற வகை இன்ஜின்கள் அங்கே உண்டு. ஓர் இன்ஜினுக்கு ஆறு மோட்டார்கள். ஆறு அச்சுகளுக்கும் ஆளுக்கு ஒன்று.

ஒவ்வொரு மோட்டாரிலும் அசையாத வெளிப்பகுதி ஒன்று, அதற்குள் சுழலும் உட்பகுதி ஒன்று. இரண்டுக்கும் நடுவே மெல்லிய காற்று இடைவெளி. வெளிப்பகுதியில் மூன்று தொகுதிகளாகச் சுருள்கள் இருக்கின்றன. அவற்றில் மின்னோட்டம் ஒரே நேரத்தில் உச்சம் தொடுவதில்லை. முதல் தொகுதியில் உச்சம், அடுத்து இரண்டாவதில், அதற்கடுத்து மூன்றாவதில் என்று முறை வைத்து வருகிறது. அதனால் வலுவான காந்தம் இங்கிருந்து அங்கே, அங்கிருந்து அதற்கடுத்த இடத்துக்கு என்று நகர்கிறது. இரும்பு அசையாமல் நிற்க, காந்தப்புலம் மட்டும் வட்டமாகச் சுழல்கிறது!

உட்பகுதியில் உலோகத் தண்டுகள் இருக்கின்றன. அவற்றுக்கு எந்தக் கம்பியும் வெளியிலிருந்து வருவதில்லை. ஆனால் அவற்றைக் கடந்து காந்தப்புலம் ஓடுகிறது, அதாவது மாறிக்கொண்டே இருக்கிறது. பாரடே விதிப்படி தண்டுகளில் மின்னோட்டம் பிறக்கிறது. ஆர்ஸ்டெட் கண்டபடி அந்த மின்னோட்டம் உட்பகுதியை ஒரு காந்தமாக்குகிறது. சுழலும் புலம் அந்தக் காந்தத்தைத் தன்னோடு இழுத்துக்கொண்டு ஓடுகிறது. உட்பகுதி சுழல, அதோடு இணைந்த பற்சக்கரம் சுழல, ரயில் சக்கரம் சுழல்கிறது. வெளியே இருக்கும் சுருள் உள்ளே இருக்கும் தண்டைத் தொடவே இல்லை என்பதைக் கவனியுங்கள்.

இப்படிச் சுழலும் புலத்தால் இயங்கும் மோட்டாரை 1880களில் இத்தாலியின் கலிலியோ பெர்ராரிசும், செர்பிய இனத்தவரான நிக்கோலா டெஸ்லாவும் ஒருவரைப் பார்த்து ஒருவர் செய்யாமல் தனித்தனியே உருவாக்கினார்கள். நம் வீட்டில் ஓடும் வழக்கமான சீலிங் ஃபேனும் இந்த இனம்தான்.

பிரேக் போடும்போது இன்னும் அழகு. ஓடுகிற வேகத்தில் சக்கரம் மோட்டாரைச் சுழற்றுகிறது. மோட்டார் மின்சாரம் தயாரிக்கும் டைனமோவாக மாறிவிடுகிறது. அப்படிப் பிறந்த மின்சாரம் மேலே இருக்கும் கம்பிக்கே திரும்பிப் போகிறது. வேறொரு ரயில் அதை எடுத்துக்கொள்ளலாம்.

ரயிலைக் காப்பதிலும் மின்காந்தத்துக்குப் பங்கு உண்டு. 1872இல் அமெரிக்காவின் வில்லியம் ராபின்சன் கண்டுபிடித்த முறை இது. இரண்டு தண்டவாளங்களின் வழியாகவும் சிறு மின்னோட்டம் ஓடி, ஒரு மின்காந்தத்தை இயக்கும். அது ஓர் இரும்புத் தகட்டைத் தூக்கிப் பிடித்திருக்கும். தகடு மேலே இருந்தால்தான் பச்சை விளக்கு எரிய வழியுண்டு. ரயில் வந்ததும் அதன் அச்சு இரு தண்டவாளங்களையும் இணைத்துவிடும். மின்னோட்டம் அந்தக் குறுக்குவழியில் போய்விட, காந்தம் வலுவிழந்து தகட்டை விட்டுவிடும். தகடு தன் எடையாலேயே விழும், சிவப்பு எரியும். கம்பி அறுந்தாலும், பேட்டரி தீர்ந்தாலும் தகடு விழத்தான் செய்யும். கோளாறு எதுவானாலும் விளக்கு சிவப்பாகவே இருக்கும்படி யோசித்துச் செய்திருக்கிறார்கள்.

காலடியில் இருக்கும் மின்காந்தம்

மல்காஜ்கிரியிலிருந்து சில கிலோமீட்டர் தெற்கே போனால் ஹப்சிகுடா. அங்கே 1961இல் தொடங்கிய தேசியப் புவி இயற்பியல் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. என்.ஜி.ஆர்.ஐ. என்பார்கள், மெட்ரோ ரயில் நிலையம் ஒன்றுக்கே இந்தப் பெயர்தான். 1964 முதல் அங்கே பூமியின் காந்தப்புலத்தை இடைவிடாமல் அளந்துவருகிறார்கள்.

பூமியே ஒரு பெரிய காந்தம் என்று 1600இல் இங்கிலாந்தின் வில்லியம் கில்பர்ட் எழுதினார். காந்தக் கல்லை உருண்டையாகச் செதுக்கி, அதன்மேல் சிறு ஊசிகளை வைத்துப் பார்த்து இந்த முடிவுக்கு வந்தார். பூமியின் நடுவே ஏராளமான இரும்பு இருப்பதும் உண்மைதான். அப்படியானால் உள்ளே ஒரு பெரிய காந்தக் கட்டி கிடக்கிறதா?

770 என்ற எண்ணை இப்போது எடுங்கள். பூமியின் நடுப்பகுதியில் வெப்பம் 4,000 டிகிரியையும் தாண்டும். அங்கே எந்த இரும்பும் நிரந்தரக் காந்தமாக இருக்க முடியாது! பின் காந்தப்புலம் எங்கிருந்து வருகிறது?

சுமார் 2,900 கிலோமீட்டர் ஆழத்தில் தொடங்கும் பூமியின் வெளிக்கருவில் இரும்பு உருகிய குழம்பாக இருக்கிறது. அடியில் சூடான குழம்பு மேலே வருகிறது, ஆறியது கீழே போகிறது. பூமி சுழல்வதால் இந்த ஓட்டம் சுருண்டு திரும்புகிறது. உருகிய இரும்பு மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். ஏற்கெனவே இருக்கும் காந்தப்புலத்தில் அது நகரும்போது, பாரடே விதிப்படி அதில் மின்னோட்டம் பிறக்கிறது. ஆர்ஸ்டெட் கண்டபடி அந்த மின்னோட்டம் காந்தப்புலத்தை உண்டாக்குகிறது. அந்தப் புலத்தில் குழம்பு மறுபடி நகர்கிறது. இப்படி ஒன்றையொன்று காப்பாற்றிக்கொண்டு, கம்பியும் பேட்டரியும் இல்லாமல் கோடிக்கணக்கான ஆண்டுகளாக ஓடுகிறது இந்த மின்காந்தம். ரயில் மோட்டாரில் வேலை செய்யும் அதே இரண்டு விதிகள்தான் பூமியின் வயிற்றிலும் வேலை செய்கின்றன.

நகரம் போடும் காந்த இரைச்சல்

பூமியின் புலம் மிக மெலிது. காந்தப்புலத்தை அளக்கும் அலகான நானோடெஸ்லா கணக்கில், ஹைதராபாத்தில் அது 40,000க்குச் சற்று அதிகம். பெரிதாகத் தோன்றுகிறதா? ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டும் சாதாரணக் காந்தத்தின் பரப்பில் இதைப்போல் நூறு மடங்கு இருக்கும். விஞ்ஞானிகளோ இந்த மெல்லிய புலத்திலும் ஒரு நானோடெஸ்லா மாற்றத்தைத் தேடுகிறார்கள். அளக்கப் போகிறவர் சட்டைப்பையில் சாவிக்கொத்தும் செல்போனும் இருந்தாலே கணக்குக் கெட்டுவிடும். அப்படியிருக்க ரயிலும் லாரியும் மின்கம்பியும் சூழ்ந்த நகரத்தில் என்ன செய்வது? அதனால்தான் என்.ஜி.ஆர்.ஐ., விஜயவாடா போகும் நெடுஞ்சாலையில் உள்ள சௌட்டுப்பலில் ஊர்ச் சந்தடியில்லாத இடத்தில் இன்னொரு காந்த ஆய்வகத்தை அமைத்திருக்கிறது.

இது இன்று நேற்றுப் பிரச்சினை அல்ல. பம்பாயில் கொலாபாவில் 1841 முதல் காந்த அளவீடு நடந்துவந்தது. குதிரைகள் இழுத்த டிராம் வண்டிகளை மின்சாரத்தில் ஓட்டலாம் என்று நகரம் முடிவெடுத்ததும், ஆய்வகத் தலைவர் நானாபாய் மூஸ் கருவிகளைக் கடலுக்கு அப்பால் அலிபாகுக்குக் கொண்டுபோனார். 1904இல் அங்கே வேலை தொடங்கியது. கட்டடத்தில் இரும்பே இல்லை. காந்தத்தில் ஒட்டாத போர்பந்தர் மணற்கல்லால் கட்டினார்கள். இரண்டு ஆண்டுகள் இரு இடங்களிலும் அளந்து ஒப்பிட்ட பிறகே பழைய இடத்தைக் கைவிட்டார்கள். அந்தப் பொறுமையால்தான் 1840களிலிருந்து இன்று வரை தொடரும் அரிய பதிவு நம்மிடம் இருக்கிறது.

எதற்காக இவ்வளவு பாடு? சூரியனிலிருந்து வரும் மின்னேற்றத் துகள்கள் சில சமயம் பூமியின் காந்தப்புலத்தைக் குலுக்கிவிடும். இதைக் காந்தப் புயல் என்கிறோம். 1989 மார்ச்சில் வந்த காந்தப் புயலால் கனடாவின் கியூபெக் மாநிலமே மணிக்கணக்கில் இருளில் மூழ்கியது. காரணம் பாரடே விதிதான்: மாறும் காந்தப்புலம் நீளமான மின்பாதைகளில் தேவையில்லாத மின்னோட்டத்தை உண்டாக்கிவிட்டது. 2024 மே மாதம் வந்த புயலின்போது லடாக்கின் ஹான்லேயில் வானம் சிவப்பாக ஒளிர்ந்தது.

தமிழ்நாட்டின் தென்கோடிக்கும் இந்தக் கதையில் இடம் உண்டு. பூமியின் இரு காந்தத் துருவங்களுக்கும் நடுவே ஓடும் காந்த நடுக்கோடு இந்தியாவின் தென்முனையை ஒட்டிப் போகிறது. அதன் நேர் மேலே, 100 கிலோமீட்டருக்குச் சற்று அதிக உயரத்தில், பகல் நேரத்தில் மின்னோட்டம் ஒன்று கிழக்கு நோக்கி ஓடுகிறது. திருநெல்வேலி அருகே கிருஷ்ணாபுரத்தில் இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனத்தின் ஆய்வகம் அதைக் கவனித்துவருகிறது. நெல்லையில் அளந்த புலத்திலிருந்து, வடக்கே தள்ளியிருக்கும் அலிபாக் போன்ற இடத்தில் அளந்ததைக் கழித்தால் அந்த வானத்து மின்னோட்டத்தின் வலு தெரியும். ஆர்ஸ்டெட் மேசையில் கண்டதை நம் விஞ்ஞானிகள் வானத்தில் காண்கிறார்கள்.

உங்களுக்கு ஒரு வேலை

ஒரு தையல் ஊசியின் சரியான நடுவில் நூலைக் கட்டித் தொங்கவிடுங்கள். அது மேலும் கீழும் சாயாமல் சமமாக நிற்கும்வரை முடிச்சை நகர்த்துங்கள். இனி முடிச்சை அசைக்காமல், ஒரு காந்தத்தால் ஊசியை ஒரே திசையில் நாற்பது ஐம்பது முறை தேயுங்கள். மறுபடி தொங்கவிடுங்கள். ஊசி வடக்கு தெற்காகத் திரும்பும். அதோடு ஒரு முனை கொஞ்சம் கீழே சாயும்.

நூல் முடிச்சு தடுப்பதால் நீங்கள் காணும் சாய்வு உண்மையான அளவைவிடக் குறைவாகத்தான் இருக்கும். ஆனாலும் ஊருக்கு ஊர் வித்தியாசம் உண்டு. டெல்லியில் பூமியின் காந்தப்புலம் 40 டிகிரிக்கு மேல் கீழ்நோக்கிச் சரிந்திருக்கிறது. மல்காஜ்கிரியில் 20 டிகிரிக்குச் சற்று மேல். சென்னையில் அதைவிடக் குறைவு. திருநெல்வேலியில் ஏறத்தாழப் படுக்கையாகவே இருக்கும். வெளியூரில் இருக்கும் உங்கள் அத்தை, சித்தப்பா வீட்டுப் பிள்ளைகளையும் இதே சோதனையைச் செய்யச் சொல்லுங்கள். எந்த ஊரில் எந்த முனை, எவ்வளவு சாய்ந்தது என்று ஒரே தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.

பிறகு இரண்டு கேள்விகளுக்கு விடை தேடுங்கள். வடக்கே போகப் போக ஊசி ஏன் இன்னும் கீழே குனிகிறது? இலங்கையைத் தாண்டித் தெற்கே ஒரு கப்பலில் போனால், எந்த முனை கீழே சாயும்? கில்பர்ட்டின் காந்த உருண்டையை ஒரு தாளில் வரைந்து, அதன்மேல் அங்கங்கே ஊசிகளை வரைந்து பாருங்கள். இரண்டுக்கும் விடை அந்தப் படத்திலேயே கிடைத்துவிடும்.